பழைய ராக் ஆல்பங்களைப் பற்றிப் பேசத் தொடங்குவது எப்படி?

1960-களிலும் 70-களிலும் வந்த ராக் ஆல்பங்களை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில ஆல்பங்கள் முதல் முறையிலேயே பிடித்துப்போயின. வேறு சிலவற்றை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், உங்களுக்கு ஏன் என்று பிடிபடவில்லை. இதையெல்லாம் யாரிடமாவது பேச வேண்டும் போலிருக்கிறது. ஆனால் பேசக் கிடைப்பவர்களோ பல வருடங்களாக இதிலேயே ஊறியவர்கள். எந்தப் பாட்டில் யார் பேஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கிட்டார்) வாசித்தார் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள். அவர்கள் நடுவில் வாயைத் திறக்கத் தயக்கம் வருவது இயல்புதான்.

அந்தத் தயக்கம் போகத் தகவல் களஞ்சியமாக மாற வேண்டியதில்லை. கேட்டதைச் சுட்டிக் காட்டத் தெரிந்தால் போதும். ‘இந்த ஆல்பம் அருமை’ என்றோ ‘சுமார்’ என்றோ சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘மூன்றாவது பாட்டில் பாடகர் நிறுத்தியதும் பேஸ் மட்டும் தனியாக நடக்கிறதே, அந்த இடத்தைக் கேளுங்கள்’ என்று சொன்னால், அந்த ஆல்பத்தை ஆயுள் முழுக்கக் கேட்டவர்கூட எழுந்து போய் அதை எடுத்துப் போடுவார். கேட்டவரை மறுபடியும் இசையிடம் அனுப்பி வைப்பதுதான் நல்ல கருத்து என்பது என் எண்ணம். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கானவை.

படி 1: ஓர் ஆல்பம், முழுதாக

ஒரு குழுவின் ‘சிறந்த பாட்டுகள்’ தொகுப்பைக் கேட்டுவிட்டு அந்தக் குழுவைப் பற்றிப் பேசலாம். ஆல்பத்தைப் பற்றிப் பேச முடியாது. அதற்கு ஒரே ஓர் ஆல்பத்தை எடுத்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை அதே வரிசையில் கேட்க வேண்டும். பாட்டுகளை வரிசை மாற்றிப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். அந்தக் கால ஆல்பங்கள் பெரும்பாலும் நாற்பது நிமிடங்களைச் சுற்றித்தான் இருக்கும். அதனால் இது பெரிய சுமை இல்லை.

அந்த நாற்பது நிமிடத்துக்கு ஒரு காரணம் உண்டு. எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நல்ல ஒலித்தரத்தோடு சுமார் இருபது, இருபத்திரண்டு நிமிடங்கள்தான் அடங்கும். அதற்கு மேல் போனால் ஒலி மெலிந்துவிடும். ஆகவே ஒவ்வோர் ஆல்பத்துக்கும் இரண்டு தொடக்கங்களும் இரண்டு முடிவுகளும் இருந்தன. எந்தப் பாட்டில் முதல் பக்கத்தை முடிப்பது, எந்தப் பாட்டில் இரண்டாம் பக்கத்தைத் திறப்பது என்று குழுக்கள் யோசித்துத்தான் அடுக்கினார்கள். ‘எஸ்’ (Yes) குழு 1972-இல் வெளியிட்ட ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தில் மொத்தமே மூன்று பாட்டுகள்தான். தலைப்புப் பாட்டு முதல் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பீட்டில்ஸின் ‘ஆபி ரோடு’ ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். 1969-இல் வந்தது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டான ‘ஐ வான்ட் யூ’ ஏறத்தாழ எட்டு நிமிடம். அதன் பின்பாதியில் ஒரே கிட்டார் வரி திரும்பத் திரும்ப வந்து கனத்துக்கொண்டே போகும். பின்னால் காற்று இரைவதுபோல ஓர் ஓசை ஏறிக்கொண்டே வரும். எங்கே போய் முடியப்போகிறது என்று காத்திருக்கும்போது, கத்தரியால் வெட்டியதுபோல் பாட்டு நின்றுவிடும். தட்டில் கேட்டவர்களுக்கு அடுத்து வந்தது நிசப்தம். எழுந்து போய், தட்டைத் திருப்பி, ஊசியை வைத்த பிறகுதான் ஜார்ஜ் ஹாரிசனின் ‘ஹியர் கம்ஸ் த சன்’ மெல்லிய கிட்டாரோடு தொடங்கும். இப்போது செயலியில் கேட்கும்போது அந்த நிசப்தம் இல்லை. ஒன்று வெட்டுப்பட்ட மறுநொடியே அடுத்தது ஆரம்பித்துவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் இந்த ஆல்பத்தின் பாதி அழகு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எனவே, முதல் பக்கம் எங்கே முடிகிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒரு நிமிடம் கழித்துத் தொடருங்கள். பல ஆல்பங்கள் அப்போதுதான் அவற்றின் உண்மையான வடிவத்தில் உங்களுக்குக் கிடைக்கும்.

படி 2: நீங்கள் கேட்டது எந்தப் பதிப்பு?

புதிதாக வருபவர்கள் தாண்டிப் போய்விடுகிற படி இது. ரசிகர்களுக்குள் நடக்கும் எத்தனையோ வாக்குவாதங்களில் இருவரும் சொல்வது சரியாகவே இருக்கும். இருவரும் கேட்டது வேறு வேறு ஒலி என்பதுதான் சிக்கல்.

முதலில் மோனோவும் (எல்லா ஒலியும் ஒன்றாக வருவது) ஸ்டீரியோவும் (இடது, வலது என இரண்டாகப் பிரிந்து வருவது). 1960-களின் பிற்பகுதிவரை மோனோதான் முதன்மை. பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ (1967) ஆல்பத்துக்கு மோனோ கலவை (பதிவான குரல்களையும் கருவிகளையும் ஒன்றுசேர்ப்பது) செய்தபோது குழுவினர் உடனிருந்து கவனித்தார்கள். ஸ்டீரியோ கலவை அவர்கள் இல்லாமல், குறைந்த நேரத்தில் முடிக்கப்பட்டது. இரண்டுக்கும் வேறுபாடு சின்னதல்ல. ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாட்டு மோனோவில் சற்று வேகமாகவும் சுருதி கூடியும் ஓடும். ஸ்டீரியோவில் அதுவே மெதுவாக, துயரம் கூடியதுபோல் ஒலிக்கும். ‘அந்தப் பாட்டு இழுவை’ என்று ஒருவரும் ‘இழுவையே இல்லையே’ என்று இன்னொருவரும் சொன்னால், இருவர் கையிலும் இருப்பது எது என்று முதலில் கேட்க வேண்டும். 2017-இல் இசைத் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த புதிய ஸ்டீரியோ கலவையும் இருக்கிறது. இப்போது பலரும் கேட்பது அதுவாக இருக்கக்கூடும்.

பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) இன்னொரு வகை. அந்தக் குழுவின் பிரையன் வில்சனுக்கு ஒரு காது கிட்டத்தட்டக் கேட்காமல் இருந்தது. அவர் அந்த ஆல்பத்தை மோனோவாகவே நினைத்து, மோனோவாகவே செய்தார். முழுமையான ஸ்டீரியோ வடிவம் 1990-களில்தான் வந்தது. ஸ்டீரியோவில் கருவிகள் தனித்தனியாகத் தெரியும். மோனோவில் அவை ஒன்றோடொன்று கரைந்து, எது எந்தக் கருவி என்று பிரிக்க முடியாத ஒரு புதிய ஓசையாக வரும். என் ஓட்டு மோனோவுக்குத்தான். ஸ்டீரியோவை விரும்புகிறவரின் காரணமும் எனக்குப் புரிகிறது.

அப்புறம், ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு. ரீமாஸ்டரில், ஏற்கெனவே கலந்து முடித்த ஒலிநாடாவை எடுத்து அதன் அளவையும் தெளிவையும் சீராக்குவார்கள். ரீமிக்ஸில், தனித்தனியாகப் பதிவான கருவிகளையும் குரல்களையும் எடுத்து முதலிலிருந்து கலப்பார்கள். இதில் டிரம்ஸ் முன்னால் வரலாம், வயலின் பின்னால் போகலாம், ஒரு குரல் காணாமலும் போகலாம். ‘டிரம்ஸ் சரியாகவே கேட்கவில்லை’ என்று குறை சொல்வதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நாட்டுக்கு நாடு பாட்டுகள் மாறியதும் உண்டு. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் ‘ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்டு’ (1967) இங்கிலாந்தில் வந்தபோது ‘பர்ப்பிள் ஹேஸ்’ அதில் இல்லை. தனிப் பாட்டாக வந்ததை ஆல்பத்தில் மறுபடி போடாத வழக்கம் அங்கே இருந்தது. அமெரிக்கப் பதிப்போ அதே பாட்டில்தான் தொடங்குகிறது. பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ (1966) இங்கிலாந்தில் பதினான்கு பாட்டு, அமெரிக்காவில் பதினொன்று. விடுபட்ட மூன்றும் ஜான் லெனன் முன்னின்று பாடியவை. அந்தப் பதிப்பை மட்டும் கேட்டு வளர்ந்த ஒருவர், ‘இதில் லெனன் அவ்வளவாக இல்லையே’ என்று நினைத்திருந்தால் அதில் தவறில்லை.

கூடுதல் பாட்டுகளையும் கவனியுங்கள். ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’ (1977) ஆல்பத்துக்காக அந்தக் குழுவின் பாடகி ஸ்டீவி நிக்ஸ் எழுதிய ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ நீளம் காரணமாக ஆல்பத்திலிருந்து விலக்கப்பட்டு, ஒரு சிங்கிளின் (தனிப் பாட்டு இசைத்தட்டின்) பின்பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. பின்னால் வந்த பதிப்புகளில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டால் ‘இதையா விட்டார்கள்!’ என்று மனம் பதறும். ஆனாலும் 1977-இல் வந்த ஆல்பத்தை எடைபோடும்போது அதைத் தனியாக வைத்துப் பேசுங்கள்.

பீட்டில்ஸின் ‘லெட் இட் பி’ இதற்கெல்லாம் மேலே. 1970-இல் வந்த வடிவத்தில் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு’ பாட்டுக்கு வாத்தியக் குழுவும் கோரஸும் சேர்த்திருந்தார். பால் மெக்கார்ட்னிக்கு அது பிடிக்கவில்லை. 2003-இல் அந்தப் பூச்சுகளை நீக்கி ‘லெட் இட் பி... நேக்கட்’ வந்தது. ஒரே பாட்டை இரண்டு வடிவத்திலும் அடுத்தடுத்துக் கேட்டு எது பிடித்தது, ஏன் என்று சொல்லிப் பழகுவது புதியவர்களுக்கு அருமையான பயிற்சி. பேச எதுவும் தோன்றாதவர்களுக்குக்கூட அப்போது பேச்சு வந்துவிடும்.

ஆகவே கருத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்: ‘நான் கேட்டது இன்ன வருடப் பதிப்பு, ஹெட்ஃபோனில்.’ அவ்வளவு போதும்.

படி 3: படிப்பதற்கு முன் கேளுங்கள்

ஓர் ஆல்பத்தைப் பற்றி நூறு பேர் சொன்னதைப் படித்துவிட்டுக் கேட்டால், உங்கள் காது அவர்கள் சொன்னதைத் தேடும். அதனால் முதல் முறை எதையும் படிக்காமல், எதையும் குறிக்காமல், வெறுமனே கேளுங்கள். இரண்டாம் முறை ஒரு தாளையும் பேனாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனம் ஏதோ ஓர் இடத்தில் நிமிர்ந்து உட்காரும், அல்லது அலுத்துப்போகும். அந்தப் பாட்டின் பெயரையும் நிமிடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் இப்போது வேண்டாம்.

மூன்றாம் முறை ஒரே ஒரு கருவியின் பின்னால் போங்கள். முழுப் பாட்டையும் பேஸ் கிட்டாரை மட்டும் கவனித்துக் கேட்பது முதலில் கடினமாக இருக்கும். பழகிவிட்டால் தெரிந்த பாட்டுக்குள்ளேயே இன்னொரு பாட்டு திறக்கும். டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’ (1972) இதற்கு நல்ல தேர்வு. ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை (மின் விசைப்பலகை வாத்தியம்) கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியே செலுத்தி வாசிப்பார். அதனால் ஆர்கன் ஓசை கரகரத்து உறுமும். கிட்டார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த பல இடங்களில் இருப்பது ஆர்கன். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிந்துகொண்டதும் அந்த ஆல்பத்தைப் பற்றிச் சொல்ல உங்களிடம் நாலைந்து விஷயம் தானாகவே சேர்ந்திருக்கும்.

இதற்குப் பிறகு படியுங்கள். பாட்டு வரிகள், யார் எந்தக் கருவி, எங்கே பதிவானது, எல்லாம். வரிகளைப் படிக்காமல் ஒரு பாட்டின் மனநிலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ (1984) தலைப்புப் பாட்டை அதன் முழக்கத்தை மட்டும் கேட்டுத் தேசப் பெருமைப் பாட்டு என்று எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். பாட்டு சொல்வதோ வியட்நாம் போரிலிருந்து திரும்பி, வேலையும் ஆதரவும் கிடைக்காமல் நிற்கும் ஒருவனின் கதை. முழங்கும் இசைக்கும் கசக்கும் வரிகளுக்கும் இடையே இருக்கும் அந்த இழுபறிதான் பாட்டே. அதைக் கவனித்துச் சொன்னால் பேச்சு வேறு தளத்துக்குப் போகும்.

கேட்டபின் படிப்பதில் ஒரு தனி மகிழ்ச்சியும் இருக்கிறது. லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்தில் (1971) கடைசிப் பாட்டு ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’. அதன் டிரம்ஸ் ஏதோ பெரிய குகைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். ‘ஏன் இப்படி இருக்கிறது?’ என்ற கேள்வி முதலில் உங்கள் காதில் எழ வேண்டும். பிறகு படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்: ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில், மாடிப்படிகளின் அடியில் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பானமின் டிரம்ஸை வைத்து, மைக்குகளை மேலே படிக்கட்டுத் தளத்திலிருந்து தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். நீங்கள் கேட்பது அந்த வீட்டின் எதிரொலியையும் சேர்த்துத்தான். பாட்டின் மூலம் இன்னும் பழையது. 1927-இல் மிசிசிப்பி ஆற்றில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி ப்ளூஸ் பாடகர்களான மெம்ஃபிஸ் மின்னியும் கேன்சஸ் ஜோ மெக்காயும் 1929-இல் பதிவு செய்தது. வெள்ளம் வருவதற்கு முந்தைய அந்தக் கனத்தை டிரம்ஸே கொண்டுவந்துவிடுகிறது. இதைச் சொல்ல எனக்குப் பெரிய இசையறிவு தேவைப்படவில்லை. உங்களுக்கும் தேவைப்படாது.

படி 4: கருத்தைக் கட்டுவது

குறித்து வைத்த இடங்களைப் பாருங்கள். அவற்றில் ஒன்றோ இரண்டோ போதும். பத்துப் பாட்டுக்கும் ஆளுக்கொரு வாக்கியம் சொல்வதைவிட ஓரிடத்தைப் பற்றி நாலு வாக்கியம் சொல்வது மேல்.

ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு விஷயம் வேண்டும். அங்கே என்ன நடக்கிறது, அது உங்களை என்ன செய்தது. முதலாவது இல்லாவிட்டால் மற்றவருக்குப் பிடிமானம் இருக்காது. இரண்டாவது இல்லாவிட்டால் அது உங்கள் கருத்தாகவே இருக்காது. பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ (1973) ஆல்பத்தில் ‘மனி’ பாட்டை எடுத்துக்கொள்வோம். அந்தப் பாட்டு ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்கு ஏழு உடனே பிடிபடும். சாக்ஸஃபோன் சோலோவும் (தனி வாசிப்பு) அதே ஏழில்தான். ஆனால் கிட்டார் சோலோ வந்ததும் தாளம் நாலுக்கு மாறிவிடுகிறது. ‘அதுவரை நொண்டி நொண்டி நடந்த பாட்டு அந்த இடத்தில் திடீரென்று ஓட ஆரம்பித்தது, நானும் கூடவே ஓடினேன்’ என்று சொல்லிப் பாருங்கள். எண்ணிக்கை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘நடை மாறுகிறது’ என்றாலே போதும்.

கலைச்சொற்களுக்காகத் திணற வேண்டாம். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாத சொல்லை அலங்காரத்துக்காக வைக்காதீர்கள். ஓசையைச் சொல்ல நம் பேச்சிலேயே வேண்டிய அளவு சொற்கள் இருக்கின்றன: கணீரென்று, கரகரவென்று, மொறுமொறுப்பாக, அடிவயிற்றிலிருந்து, மூக்கால், தூரத்தில், காதோரத்தில். லெட் செப்பலின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் குரல் எந்தச் சுரத்தைத் தொடுகிறது என்று சொல்ல முடியாதவரும் அது எங்கே கீச்சிடுகிறது, எங்கே முனகுகிறது என்று சொல்லிவிடலாம்.

ஒரு மாதிரிக்கு, பிங்க் ஃப்ளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ (1975) பற்றி ஒரு புதியவர் இப்படிச் சொல்லலாம்:

‘நான் கேட்டது ரீமாஸ்டர் செய்த பதிப்பு, ஹெட்ஃபோனில், மூன்று முறை. முதல் பாட்டில் குரல் வருவதற்கே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. முதல் முறை பொறுமை போய்விட்டது. இரண்டாம் முறை அந்த நாலு சுரக் கிட்டார் வரி வந்தபோது, இதற்காகத்தான் அவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள் என்று தோன்றியது. எனக்கு மிகவும் பிடித்த இடம் ‘ஹேவ் எ சிகார்’ முடியும் இடம். முழுக் குழுவும் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலி சுருங்கி, சின்ன ரேடியோவில் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. அந்த ரேடியோ சத்தத்துக்குள்ளிருந்துதான் அடுத்த பாட்டின் கிட்டார் வருகிறது. யாரோ தனி அறையில் ரேடியோவோடு சேர்ந்து வாசிப்பதுபோல் இருந்தது, ரொம்பத் தனிமையாக உணர்ந்தேன். ‘வெல்கம் டு த மெஷின்’ மட்டும் இன்னும் ஒட்டவில்லை. சிந்தசைசர் குரலை மூடிவிடுகிறது என்று நினைக்கிறேன். அது பிடித்தவர்கள், எந்த இடத்தில் உங்களுக்குப் பிடித்தது என்று சொல்லுங்கள்.’

இதில் பெரிய தகவல் எதுவும் இல்லை. ஆனால் மூன்று இடங்கள் இருக்கின்றன, ஒரு கேள்வி இருக்கிறது. இதைக் கேட்ட பழைய ரசிகர் சும்மா இருக்க மாட்டார். இந்த ஆல்பம் பெருமளவு குழுவை விட்டுப்போன சிட் பாரெட்டை நினைத்துச் செய்யப்பட்டது என்றும், ‘ஹேவ் எ சிகார்’ பாடியது குழுவில் யாருமில்லை, ராய் ஹார்ப்பர் என்றும் அவர் சொல்லித் தருவார். நீங்கள் உணர்ந்த தனிமைக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

மதிப்பெண் போடுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். ஐந்துக்கு மூன்றரை என்றதும் பேச்சு முழுவதும் அந்த அரையைப் பற்றியே போய்விடுகிறது.

படி 5: கதையை அளவோடு சொல்லுங்கள்

இந்த ஆல்பங்களுக்குப் பின்னால் இருக்கும் கதைகள் சுவாரசியமானவை. ‘ரூமர்ஸ்’ பதிவான காலத்தில் குழுவுக்குள் இருந்த இரண்டு ஜோடிகளும் பிரிந்துகொண்டிருந்தன. ‘மெஷின் ஹெட்’டை டீப் பர்ப்பிள் ஸ்விட்சர்லாந்தின் மோன்த்ரே நகரில், சூதாட்ட விடுதிக் கட்டடத்தில் பதிவு செய்யத் திட்டமிட்டிருந்தார்கள். 1971 டிசம்பரில் அங்கே ஃபிராங்க் ஜப்பாவின் கச்சேரி நடந்தபோது தீப்பிடித்து, கட்டடமே எரிந்துபோனது. அதைப் பார்த்து வந்ததுதான் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’.

ஆனால் கதை இசைக்கு உதவ வேண்டும், இசையின் இடத்தில் உட்காரக் கூடாது. ‘பிரிவின் வலியில் செய்தார்கள், அதனால் நல்ல ஆல்பம்’ என்பது கருத்தாகாது. வலியில் செய்த மோசமான ஆல்பங்களும் எத்தனையோ உண்டு. ‘பிரிந்துகொண்டிருந்த இருவர் ஒருவர் எழுதிய பாட்டில் மற்றவர் சேர்ந்து பாடுகிறார்கள், அந்தக் குரல்கள் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகின்றன என்று கேளுங்கள்’ என்றால், கதை ஓர் இடத்தைக் காட்டுகிறது. அப்படிக் காட்டும்போது மட்டும் சொல்லுங்கள். உறுதியாகத் தெரியாத கதையைச் சொல்லாமல் விடுவதே மேல். ராக் உலகில் புளுகுக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை.

படி 6: பிடிக்காததைச் சொல்வது

எல்லோரும் போற்றும் ஆல்பம் உங்களுக்குப் பிடிக்கவில்லை. சொல்லலாமா? தாராளமாகச் சொல்லுங்கள். லெட் செப்பலினின் முதல் ஆல்பம் 1969-இல் வந்தபோது ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை அதைக் கடுமையாகச் சாடியது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ (1972) வந்த புதிதில் பலருக்கு அரைமனதுதான். இன்று அந்தக் குழுவின் உச்சம் என்று அதையே சொல்கிறார்கள். ஒலி குழம்பிக் கிடக்கிறது என்று அன்று குறையாகச் சொல்லப்பட்டதையே இன்று அதன் உயிராகச் சொல்கிறார்கள். ஆகவே எந்த ஆல்பத்தின் இடமும் கல்லில் செதுக்கியதல்ல.

சொல்லும் விதத்தில்தான் கவனம் வேண்டும். ‘தேவையில்லாமல் தூக்கிப் பிடிக்கிறார்கள்’ என்று சொல்லும்போது நீங்கள் ஆல்பத்தைப் பற்றிப் பேசவில்லை, அதை விரும்புகிறவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். அவர்களுக்குச் சுடத்தான் செய்யும். ஒருவர் தன் பதினாறு வயதில் கேட்ட ஆல்பம் அவருடைய வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் குறைத்துச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் ‘இந்தப் பாட்டில் நான்காவது நிமிடத்திலிருந்து கிட்டார் ஒரே இடத்தில் சுற்றுகிறது, என் கவனம் நழுவியது’ என்று சொல்ல முழு உரிமை உண்டு. அதற்குப் பதிலாக அவர் அந்த இடத்தில் தான் கேட்பது என்ன என்று சொல்வார். கவனமாகக் கேளுங்கள். பிறகு அந்த இடத்தை அவர் காதால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லையா, சரி, விடுங்கள்.

ஒப்பிடுவதாக இருந்தால் முதலில் அதே குழுவின் இன்னோர் ஆல்பத்தோடு ஒப்பிடுங்கள். ‘பிளாக் சபாத்தா, எஸ்ஸா?’ என்ற கேள்விக்கு விடை கிடையாது. இரண்டும் வேறு வேறு காரியத்தைச் செய்ய வந்தவை. பழைய ஒலியை இன்றைய ஒலியோடு வைத்துக் குறைசொல்வதும் அப்படித்தான். ‘சார்ஜன்ட் பெப்பர்’ நான்கு தடங்கள் (தனித்தனியாகப் பதிவாகும் ஒலி வரிசைகள்) மட்டுமே கொண்ட ஒலிநாடாக் கருவியில் பதிவானது. இடம் போதாமல், பதிவானவற்றை ஒன்றாகக் கலந்து இன்னொரு நாடாவுக்கு மாற்றி, கிடைத்த தடங்களில் அடுத்ததைப் பதிவு செய்தார்கள். அது தெரிந்தால் ‘ஏன் டிரம்ஸ் மந்தமாக இருக்கிறது?’ என்ற கேள்வி குறையாக இல்லாமல் ஆர்வமாக மாறிவிடும்.

யாராவது உங்களிடம் ‘இதுகூடத் தெரியாதா?’ என்று கேட்டால், ‘தெரியாது, சொல்லுங்கள்’ என்பதே போதுமான பதில். அதற்கு மேலும் மட்டம் தட்டுகிறவரோடு இசை பேச வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

படி 7: சேர்ந்து கேட்பது

தனியே கேட்டுவிட்டு வந்து பேசுவதைவிட மூன்று நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து ஓர் ஆல்பத்தைக் கேட்டுப் பேசுவது இன்னும் நல்லது. புதியவர்களுக்கு இதுவே மிக எளிய வாசல் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதே பதிப்பை, அதே நேரத்தில் கேட்டிருப்பார்கள்.

ஒரு பக்கம் ஓடி முடியும்வரை யாரும் பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிக்கொள்ளுங்கள். ‘இப்போ வரும் பாருங்க’ என்று முழங்கையால் இடிப்பதும் பேச்சுதான். பக்கம் முடிந்ததும் நிறுத்தி, ஆளுக்கு ஓர் இடம் சொல்லுங்கள். மிகவும் அனுபவசாலி கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தாம் கேட்டதை விட்டுவிட்டு அவர் சொன்னதற்குத் தலையாட்ட ஆரம்பித்துவிடுவார்கள். யாராவது ஓர் இடத்தைச் சொன்னால், வாதிடுவதற்கு முன் அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேளுங்கள். பாதி வாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் அமர்வுக்கு ‘தி ஹூ’ குழுவின் ‘ஹூஸ் நெக்ஸ்ட்’ (1971) வைக்கலாம். ‘லைஃப்ஹவுஸ்’ என்று குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் திட்டமிட்ட பெரிய கதையாக்கம் கைகூடாமல் போக, அதற்காக எழுதிய பாட்டுகளிலிருந்து உருவான ஆல்பம் இது. தொடக்கத்தில் சுழன்றுகொண்டே வரும் அந்த ஆர்கன் ஓசையையும், கீத் மூன் எப்போது டிரம்ஸோடு உள்ளே நுழைகிறார் என்பதையும் கவனிக்கச் சொன்னால் முதன்முறை கேட்பவருக்கும் பேச ஏதாவது கிடைக்கும். அமைதியாக ஏதாவது வேண்டுமென்றால் ‘ரூமர்ஸ்’. ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ வைப்பதாக இருந்தால், முதல் பக்கத்தின் முடிவில் சொற்களே இல்லாமல் க்ளேர் டோரி பாடுவதைக் கேட்டபின் கட்டாயம் இடைவெளி விடுங்கள். இரண்டாம் பக்கம் நாணயச் சத்தத்தோடு திறக்கும்போது அது எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்த முறைக்கான ஆல்பத்தைத் தேர்வு செய்யும் பொறுப்பைக் குழுவில் மிகப் புதியவரிடம் கொடுங்கள்.